கேட்காமல் உண்ட ஊர்

ஒரு நாளைக்கு அந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்கிறேன் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். கம்பெனி கேன்டீனில் இரண்டு தடவை. மளிகைக் கடையில், பாக்கெட்டுகளைப் புரட்டிப் புரட்டி, ஆறு தடவை. மருந்துக் கடையில் ஒரு தடவை. பக்கத்து வீட்டுக்காரம்மா மூடிய கிண்ணத்தோடு வந்தபோது ஒரு தடவை. பதினோராவது தடவை கோயிலில். பிரசாதம் வைக்க வந்தவருக்கு முன்னால் நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு கேட்டேன்: "இதில் கோதுமை இருக்கிறதா?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பதில் வருவதற்குள் வரிசை என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அன்று இரவு ஃபரீதாபாத்தின் டிசம்பர் குளிரில், இரண்டு கம்பளிக்கு அடியில் படுத்துக்கொண்டு சிதம்பரத்தை நினைத்தேன். ஊரை விட்டு வந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஏக்கம் இருக்கும். ஒருவருக்குத் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை, இன்னொருவருக்குத் தேர் திரும்பும் தெருமுனை. எனக்கு இருப்பது, யார் எதைக் கொடுத்தாலும் கையில் வாங்கி அப்படியே வாயில் போட்டுக்கொண்ட அந்த நாட்களின் மேலான ஏக்கம்.

நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். அந்தப் பெயரைக் கடிதத்தில்தான் எழுதுவோம். வாயில் வருவது ஓ.டி.தான். அப்பா அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அம்மாவைப் பெற்ற ஆயா சிதம்பரத்தில் இருந்தார். பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் துறைமுகச் சந்திப்பில் பாசஞ்சர் ஏறிவிடுவோம். அப்போது மீட்டர் கேஜ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, வெள்ளாற்றுப் பாலம், கிள்ளை, அப்புறம் கோபுரம். 2008-இல் கல்யாணம் ஆகி, கணவருக்கு வேலை இருந்த ஃபரீதாபாத்துக்கு வந்தேன். ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை கிடைத்தது. காலையில் பராத்தா, மதியம் கேன்டீன் ரொட்டி, இரவு வீட்டில் சப்பாத்தி. பொன்னி அரிசி விற்கும் கடைக்கு இரண்டு ஷேர் ஆட்டோ மாற வேண்டும். சுற்றியுள்ளவர்கள் உண்பதையே நாங்களும் உண்ணப் பழகினோம்.

நாலாம் வருஷத்திலிருந்து உடம்பு கரையத் தொடங்கியது. வயிறு ஊதிக்கொள்ளும், அடுத்த நாளே பேதியாகும். வாயெல்லாம் புண். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ரத்தம் ஏறவில்லை. ஊருக்கு வந்திருந்தபோது பார்த்த மருத்துவர் ஒருவர், உடம்பு தேறும்வரை பிரெட்டும் மால்ட் பானமும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு மால்ட் பாட்டில், ஒரு பிரெட் பாக்கெட், நாலு சாத்துக்குடி இருக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் பாலில் தோய்த்த பன் கொடுப்போம். அன்போடு ஊட்டப்பட்ட அந்த பிரெட்டைச் சாப்பிட்டு மூன்று வாரத்தில் நான் நாலு கிலோ இறங்கினேன்.

2017-இல், 31 வயதில், வடக்கேதான் பெயர் தெரிந்தது. சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களிலும் குளூட்டன் என்னும் புரதம் இருக்கிறது. அது உள்ளே போனதும் என் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என் சிறுகுடலின் சுவரையே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. அதனால்தான் எதைச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசு முழுக்க அந்த மூன்று தானியத்தையும் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம். ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால்தான் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கலாம் என்பது நம் நாட்டுச் சட்டம். ஒரு சிட்டிகை மாவு கையில் ஒட்டியிருந்தாலே அந்தக் கணக்கு தாண்டிவிடும்.

சந்தேகம் வந்ததும் தானாகவே கோதுமையை நிறுத்திவிட்டு நாலு மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் நோயின் அடையாளம் மறைந்துபோகும். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பொருள் சோதனை செய்துகொள்ள வேண்டும். தேவையானால் குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். இதை எனக்குச் சொன்ன நர்ஸம்மாவுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஊரில் பார்த்த மருத்துவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை; நம் பக்கத்தில் இந்த நோய் அரிது. 2016-இல் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய குடல் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணா முன்னின்று நடத்தியது. நாட்டின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று இடங்களில் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றில் ஒருவருக்கும் சற்று அதிகமானோருக்கு ரத்தத்தில் இந்த நோயின் எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கு. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவோ மூன்று இடத்து மக்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. தட்டில் விழுந்த கோதுமையின் அளவில்தான் பெரிய வேறுபாடு. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் சாப்பிடுகிறார், தெற்கே 25 கிராம். அந்த 25 கிராமிலிருந்து 455 கிராமுக்குத்தான் நான் ரயில் ஏறி வந்திருக்கிறேன்.

கோதுமைதான் காரணம் என்ற உண்மை உலகத்துக்கே ஒரு பஞ்சத்தின் நடுவில்தான் உறுதிப்பட்டது. நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே, கோதுமைதான் சீலியாக் பிள்ளைகளை வாட்டுகிறது என்று 1930-களிலேயே சந்தேகப்பட்டவர். 1944 முடிந்து 1945 பிறந்த போர்க்காலக் குளிரில் அந்த நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனது. ஜனங்கள் துலிப் பூவின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரே பட்டினியில் வாடிய அந்த நேரத்தில் அவருடைய சீலியாக் பிள்ளைகள் மோசமாகவில்லை, தேறினார்கள். 1950-இல் அதை ஆய்வேடாக எழுதினார். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளைகளின் தாய்மார்களை நினைத்து நெஞ்சு அடைத்தது. பிள்ளைக்கு ரொட்டி கொடுக்க முடியவில்லையே என்று அழுதிருப்பார்கள். கொடுத்ததுதான் பிள்ளையை வாட்டியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நோயின் பெயர் தெரிந்த முதல் மாதம், குளூட்டன் இல்லாதது என்று அச்சடித்த மாவும் பிஸ்கட்டும் வாங்கினேன். சாதாரண ஆட்டாவைப் போல நாலைந்து மடங்கு விலை. மாதக் கடைசியில் மகனின் பள்ளிப் பணத்துக்குக் கைமாற்று வாங்க வேண்டியதாயிற்று. அத்தோடு அந்தக் கடைப்பக்கம் போவதை விட்டேன். அரியானாவில் ரேஷன் என்றாலும் கோதுமைதான். அக்கம்பக்கத்தில் கார்டு உள்ளவர்கள் மூட்டை கட்டி வருவார்கள். என்னிடம் கார்டும் இல்லை, இருந்தாலும் பயனில்லை. ஓ.டி.யில் அம்மா விலையில்லா அரிசி வாங்கிக்கொண்டு வரும்போதெல்லாம் போனில் சொல்வார்: "உன் பங்கு இங்க கெடக்குது பாப்பா."

மாவு வாங்குவதை விட்ட பிறகுதான் பிழைக்கும் வழி தெரிந்தது. கோதுமைக்குப் பதிலாக இன்னொரு கோதுமையைத் தேடாமல், பிறக்கும்போதே கோதுமை இல்லாததைத் தேட வேண்டும். அரிசி, கம்பு, மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, ராஜ்மா, கடலை, முட்டை. இவை எல்லாக் கடையிலும் கிடைக்கும். தனி விலையும் கிடையாது. பக்கத்து வீட்டு தீதிதான் எனக்குக் கம்பு ரொட்டி தட்டக் கற்றுக் கொடுத்தார். தட்டும்போது உடைந்து உடைந்து போகும். வெந்நீரில் பிசைய வேண்டும் என்றார். வருஷத்தில் இரண்டு நவராத்திரி வரும்போது இங்கே நோன்பிருப்பவர்கள் தானியத்தைத் தொட மாட்டார்கள். கடைகளில் தானியமல்லாத குட்டு மாவும் சிங்காரா மாவும் ஜவ்வரிசியும் குவியும். அந்த ஒன்பது நாள் கம்பெனியில் பாதிப் பெண்கள் என் சாப்பாட்டைச் சாப்பிடுவார்கள். என்னை யாரும் என்ன ஏது என்று கேட்காத நாட்கள் அவை.

காசை இப்படிச் சரிக்கட்டினால், நேரம் வேறு மாதிரி பிடிக்கிறது. எட்டரைக்கு ஷிப்டு. அடுப்பு ஒன்று, பர்னர் இரண்டு. இவருக்கும் மகனுக்கும் ரொட்டி வேண்டும்; அவன் இங்கேயே வளர்ந்த பிள்ளை. ஐந்து மணிக்கு எழுந்து முதலில் என்னுடையதைச் சமைத்து மூடி வைத்துவிடுவேன். அப்புறம்தான் ஆட்டா டப்பாவைத் திறப்பேன். முதலில் ஆட்டாவைத் திறந்தால் அந்தப் புழுதி மாவு பறந்து என் சோற்றில் படியும். எனக்கென்று ஒரு தவா, ஒரு வடிகட்டி, காதில் சிவப்பு நூல் கட்டிய ஒரு கரண்டி. மரப் பலகையும் பொதுச் சல்லடையும் எனக்குக் கிடையாது. பூரி பொரித்த எண்ணெயில் எனக்கு அப்பளம் பொரிக்க முடியாது. மாவு மில்லில் நாள் முழுக்க கோதுமை ஓடுவதால் கம்பையும் அரிசியையும் மிக்ஸியில்தான் பொடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டிவிட்டால் புதன்வரை இட்லி, சனிவரை தோசை. நடுவில் ஒரு நாள் கரன்ட் போனால் வாரம் முழுக்கக் கணக்கு தப்பும்.

நேரமும் காசும் ஒன்றாகக் கைவிடும் நாட்களில் நான் ஏங்குவது பழைய சோற்றுக்கு. ஓ.டி.யில் ராத்திரி மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி அம்மா மண்சட்டியை மூடி வைப்பார். கடற்காற்றும் புழுக்கமும் விடிவதற்குள் அதை இளம்புளிப்பாக்கிவிடும். காலையில் உப்பும் மோரும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு ஓடுவோம். அடுப்பு பற்ற வைக்காமல், கூடுதல் செலவில்லாமல், கோதுமையின் நிழல்கூடப் படாமல் ஒரு சாப்பாடு. ஃபரீதாபாத்தில் அதுவும் முடியவில்லை. ஜனவரியில் சட்டியை அடுப்புப் பக்கமே வைத்தாலும் சோறு புளிக்காது. ஊறிய சோறாகவே விறைத்துக் கிடக்கும். இட்லி மாவைக் கம்பளியில் சுற்றி வைத்து விடிய விடிய எழுந்து பார்ப்பேன். மே மாதத்தில் அதே சோறு நடுநிசிக்குள் கெட்டுவிடும். பழைய சோறு என்பது சோறும் தண்ணீரும் என்று நினைத்திருந்தேன். அதில் கடலூரின் காற்றும் ஒரு பங்கு என்பதை இங்கே வந்து தெரிந்துகொண்டேன்.

கோதுமை எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அம்மா சிறுமியாக இருந்தபோது பள்ளி மதிய உணவுக்கு அமெரிக்காவிலிருந்து 'கேர்' அமைப்பு அனுப்பிய கோதுமை ரவை வந்ததாம். அந்த உப்புமாவின் வாசனையை இன்றும் சொல்வார். விசேஷ நாளில் சேமியா பாயசம், என்றாவது ஒரு ஞாயிறு பூரிக்கிழங்கு. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று சொஜ்ஜி பஜ்ஜி. அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு இரவில் அவருக்கு மட்டும் மூன்று சப்பாத்தி. கோதுமை அப்படி நாள் பார்த்து, ஆள் பார்த்து வந்து போகும். அன்றாடம் என்பது அரிசிதான்.

அந்த அன்றாடம் ஆயா வீட்டில் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். விடிகாலையில் தலையில் கூடையோடு வரும் மீன்காரம்மாவை ஆயா திண்ணையில் உட்கார வைப்பார். ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து, "எப்ப புடிச்சது? கிள்ளையா, பரங்கிப்பேட்டையா?" என்று கேட்டுவிட்டுத்தான் மத்தியைக் கூறு கட்டச் சொல்வார். அரிசிக் கடையில் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்து, "இது புதுசா, பழசா?" என்பார். கத்தரிக்காய்க்காரரிடம் காம்பைக் கிள்ளிப் பார்ப்பார். நாங்கள் பிள்ளைகள் சலித்துக்கொண்டு நிற்போம். திரும்பி வந்ததும் மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு வறுக்கும் வாசம் எழும்பும். கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி கரைத்து ஊற்றி, வறுத்த பொடி தூவி இறக்கினால் கொத்சு. ஆவி பறக்கும் இட்லியின் மேல் அதை ஊற்றி ஆயா நீட்டுவார். சாயங்காலம் புட்டோ அவலோ. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வாசலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள். சொம்பை நீட்டினால் நிரம்பும். மார்கழியில் நடராசருக்குத் திருவாதிரைக் களி. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிண்ணம் வரும், நம் வீட்டுக் கிண்ணம் அங்கே போகும். எந்தக் கிண்ணத்தையும் திறந்து பார்த்து நான் எதையும் கேட்டதில்லை.

நோய் தெரிந்த மறு வருஷம் ஊருக்குப் போனேன். ஆயா அப்போது இல்லை. காலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் வரும்போது மனசு துள்ளியது. நான் திரும்புவது அரிசி ஊருக்கு. அங்கே எனக்கு என்ன ஆபத்து? சிதம்பரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேரே ஒரு ஓட்டலுக்குப் போய் இட்லியும் கொத்சும் கேட்டேன். பழக்க தோஷத்தில், "கோதுமை, மைதா எதுவும் சேர்க்கலையே?" என்றேன். பரிமாறிய பெரியவர், "கொத்சுல என்னம்மா மைதா? பெருங்காயம் போடுவோம், அவ்வளவுதான்" என்றார். பெருங்காயம் என்றதும் ஏதோ உறுத்தியது. வழியில் ஒரு கடையில் டப்பாவை வாங்கிப் பின்பக்கம் படித்தேன். பிசின், மைதா, பெருங்காயம்.

பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து மலைச்செடி ஒன்றின் வேரைக் கீறினால் வடியும் பால். காய்ந்து பிசினாகும். அதன் காரமும் வாடையும் தனியாகப் பயன்படுத்த முடியாத அளவு கடுமை. விலையும் நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது. அதனால் மாவும் வேறு பிசினும் கலந்து கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். அரிசி மாவு கலந்ததும் உண்டு, ஆனால் பெரும்பாலும் மைதா. நம் சாம்பார், ரசம், புளியோதரை, ஊறுகாய், முறுக்கு, இட்லிப் பொடி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. ஆயாவின் அடுக்களையில் ஒரு சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கட்டிப் பெருங்காயம் எப்போதும் ஊறிக்கொண்டிருக்கும். அப்பா வேலை பார்த்த கடையிலிருந்து வந்த அதே கட்டி. அதில் மாவு இருந்ததா என்று இப்போது யாரைக் கேட்பேன்?

கீழவீதியில், தேர்முட்டிப் பக்கம் நின்று அன்று அழுதேன். அத்தனை வருஷமாக உடம்பு கெட்டபோதுகூட அப்படி அழுததில்லை. ஆயாவின் கொத்சு மட்டும் என்னைக் காப்பாற்றக் காத்திருக்கிறது என்று ஃபரீதாபாத்தில் எத்தனை இரவு நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன்!

அந்தப் பயணத்தில் உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. எங்கள் பக்கத்தில் வந்தவர் சாப்பிடாமல் போனால் அது மனஸ்தாபம். "ஒரு வாய்ல என்னம்மா ஆயிடப் போவுது?" "வடக்க போயி உனக்கு நம்ம சோறு புடிக்காமப் போச்சா?" ஒரு வாயில் என்ன ஆகும் என்று விளக்கினேன். விளக்க விளக்க அவர்கள் முகம் வாடியது. ஓ.டி.யில் அம்மாவின் மீன் குழம்புதான் கைகொடுத்தது. அதில் பெருங்காயம் போடுவதில்லை, மத்தி மலிவு, அரைக்கும் மசாலா எங்கள் வீட்டு அம்மியில். வெளியே போகும்போது அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய் இட்லி நாலு வாங்கி, சாம்பாரை மறுத்துவிட்டு, பையில் கொண்டுபோன பொடியையும் நல்லெண்ணெயையும் தொட்டுக்கொண்டேன். பசி தீர்ந்தது. ஆனாலும் பிறந்த ஊரில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு அலைகிற விருந்தாளியாக இருந்தேன்.

திரும்பும் முன் வடலூருக்குப் போனேன். சின்ன வயதில் தைப்பூசத்துக்கு ஆயா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜோதி தரிசனம் காட்டிய இடம். வள்ளலார் 1867 மே 23 அன்று அங்கே தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. பசியோடு வருகிறவர் யாராக இருந்தாலும் சோறு. சாதி என்ன, ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. பந்தியில் வரிசையாக உட்கார்ந்தவர்களைத் தள்ளி நின்று பார்த்தேன். வேலைக்குப் போகிற வழியில் வந்த கூலிக்காரர், கைப்பையை மடியில் வைத்துக்கொண்ட பாட்டி, பள்ளிச் சீருடையில் ஒரு பையன். இலையில் சோறு விழுந்ததும் குனிந்து சாப்பிட்டார்கள். போடுகிறவரும் கேட்கவில்லை, உண்கிறவரும் கேட்கவில்லை. நான் விட்டுவிட்டு வந்தது எது என்று அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது. கோதுமை இல்லாத சாப்பாட்டை ஃபரீதாபாத்திலேயே சமைத்துக்கொள்கிறேன். கேள்வி இல்லாத சாப்பாடுதான் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகை மாதம் சித்தி போன் செய்தார். ஆயாவுக்குப் பிறகு அந்த வீட்டில் இருப்பவர் அவர்தான். "திருவாதிரைக்கு வந்துடு பாப்பா" என்றார். லீவு கிடைக்காது, காசு இல்லை என்று சாக்குச் சொன்னேன். "வந்துடு" என்று மட்டும் திரும்பவும் சொன்னார்.

மார்கழிப் பனியில் விடியும் முன்பே சிதம்பரத்தில் இறங்கினேன். தெற்குவீதியில் தேரிழுத்த வடத்தின் தடம் ஈரமாக இருந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது. நடுக்கூடத்தில், வெள்ளை வேட்டித் துணி விரித்து அதன் மேல் ஆயாவின் திருகை. எத்தனையோ வருஷமாக மாடிப்படிக்கு அடியில் கிடந்த கல். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலில் காய வைத்ததாகச் சித்தி சொன்னார். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் சிவக்க வறுத்து அதில் உடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், தோள்பட்டை வலிக்காரர். ஒரு சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"மில்லுல குடுத்தா அஞ்சு நிமிஷ வேலைதானே சித்தி?"

"போனேன். கோதுமை ஓடிக்கிட்டிருந்திச்சு. திரும்பி வந்துட்டேன்."

களி கிண்டும் உருளியும் கரண்டியும் புதிதாகத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பெருங்காயக் கிண்ணம் இருந்த இடம் காலியாக இருந்தது. கறையைக்கூடச் சுரண்டி எடுத்திருந்தார். ஏழுகறிக் குழம்பைப் பெருங்காயம் இல்லாமல் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து வைத்திருந்தார். முந்திரியைப் பண்ருட்டியிலிருந்து உடைக்காத கொட்டையாக வாங்கி வந்து வீட்டிலேயே சுட்டு உடைத்தாராம். கிண்ணம் வரும் எதிர்வீடு, பக்கத்து வீடுகளுக்கும் போய், என்னென்ன போடுகிறீர்கள், எதில் உடைத்தீர்கள் என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். இரண்டு வீட்டுக் கிண்ணத்தைத் தனியாக ஓரத்தில் வைத்திருந்தார். அது எனக்கு இல்லை என்று அர்த்தம்.

திருவாதிரைக் களிக்கு ஒரு கதை சொல்வார்கள். சேந்தனார் விறகு விற்றுப் பிழைத்தவர். தினமும் ஒரு சிவனடியாருக்கு அமுது படைத்துவிட்டுத்தான் உண்பார். ஒருநாள் அடைமழை. விறகு நனைந்தது, விற்கவில்லை. வீட்டில் இருந்த அரிசி மாவைக் களியாகக் கிண்டிக் காத்திருந்தார். கிழவர் வேடத்தில் நடராசரே வந்து அதை ஏற்றார் என்றும், மறுநாள் கருவறையில் களி சிதறிக் கிடந்தது என்றும் ஊரில் சொல்வார்கள். ஆயா இதைச் சொல்லும்போதெல்லாம் நான் சாமி வந்ததைத்தான் வியப்பேன். இன்று என் மனம் சேந்தனாரின் மனைவியிடம் போகிறது. மழையில் ஈர விறகை ஊதி ஊதி, வருகிறவருக்கு ஒத்துக்கொள்ள வேண்டுமே என்று அந்த அம்மாள் எத்தனை முறை கரண்டியை எடுத்துப் பார்த்திருப்பாள்!

தரிசனம் முடிந்து வந்து உட்கார்ந்தோம். தலைவாழை இலையில் சித்தி களியை வைத்தார். வெல்லமும் ஏலமும் நெய்யும் மணந்தன. கை தன்னால் இலையை நோக்கிப் போனது. வாயும் தன்னால் திறந்தது. "சித்தி, இதுல..."

"கேக்காத பாப்பா" என்றார் சித்தி. "நான் எல்லாத்தயும் கேட்டுட்டேன். நீ சாப்புடு."

முதல் வாய் தொண்டையில் இறங்க நேரம் ஆனது. மீன்காரம்மாவின் கூடையில் செவுளைத் தூக்கிய ஆயாவின் விரல்கள் நினைவுக்கு வந்தன. அரிசியைக் கடித்துப் பார்த்த பல், கத்தரிக்காயின் காம்பைக் கிள்ளிய நகம். எப்ப புடிச்சது, புதுசா பழசா, எந்த ஊரு. அலுத்துப்போகும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். சலித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற நான் வீட்டுக்கு வந்து கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். என் வாழ்க்கையின் அத்தனை கேள்வியையும் வாசலிலேயே அவர் கேட்டு முடித்துவிட்டிருக்கிறார்.

இலையில் களி தீர்ந்தது. வெளியே தெருவில் இன்னொரு வீட்டுக் கிண்ணம் வரும் சத்தம் கேட்டது. சித்தி எழுந்துபோய் வாசலில் நின்று மெல்லிய குரலில் ஏதோ விசாரித்தார். திரும்பி வந்து கிண்ணத்தின் மூடியைத் திறந்து என் பக்கம் சாய்த்தார்.

கையை நீட்டினேன்.